வெயில் காலத்திலும் பின்னல் வகுப்பு நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில், மூத்தவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், நாங்கள் சில பெண்கள் வாரந்தோறும் மதிய வேளையில் பொது மண்டபத்தில் கூடிப் பின்னல் வேலை செய்து வருகிறோம். வெயில் கடுமையாகிவிட்டதால் மழை தொடங்கும்வரை இந்த வகுப்பை நிறுத்தி வைக்கலாம் என்று அண்மையில் ஒரு யோசனை சொல்லப்பட்டது. "இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் பின்னப் போகிறீர்கள்?" என்று கேட்டவர்கள் எங்கள் நலத்தை நினைத்துத்தான் கேட்டார்கள், அதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. ஆனால் பின்னல் என்றாலே குளிர், குளிர் என்றாலே கம்பளி என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே வளர்ந்த மற்ற ஊர்களிலும் இதே எண்ணம் இருக்கக்கூடும் என்பதால், வகுப்பை நிறுத்த வேண்டாம், நேரத்தையும் நூலையும் மாற்றிக்கொண்டால் போதும் என்ற என் கருத்தை உங்கள் நாளிதழ் வழியாகச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பின்னல் குளிர்நாட்டுச் சொத்து என்பதே சரியன்று. இரண்டு ஊசிகளைக் கொண்டு கண்ணி கண்ணியாகப் பின்னும் முறையில் செய்யப்பட்டு இன்றுவரை அழியாமல் கிடைத்துள்ள மிகப் பழைய பொருள்களில் சில, எகிப்தில் கிடைத்த காலுறைகள். அவை ஏறக்குறைய 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்கு உட்பட்டவை. நீலமும் வெள்ளையுமாக, நுணுக்கமான கோலங்களோடு, பருத்தி நூலால் பின்னப்பட்டவை. பாலைவனத்தின் ஓரத்தில் வாழ்ந்த மக்கள் பருத்தி நூலை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள் என்னும்போது, மலேசிய வெயிலைக் காட்டி ஊசியைக் கீழே வைப்பதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பகுதியில் இருக்கும் நரசாப்பூரைப் பாருங்கள். அனல் வீசும் அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்த பெண்கள் கொக்கி ஊசியால் பின்னும் வேலைப்பாடு பல தலைமுறைகளாக வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு நியாயமும் உண்டு. பால்மரம் வெட்டும் வேலை ஏன் விடியும் முன்பே தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். இரவுக் குளிர்ச்சியில் மரத்தின் பட்டைக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். ஆகவே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு என் அம்மா லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, திரும்பிய பிறகு வெயில் உச்சத்தில் இருக்கும். சமைத்துச் சாப்பிட்டபின் கிடைக்கும் அந்தப் பிற்பகலில்தான் லயத்துத் திண்ணைகளில் பெண்கள் தைத்தார்கள், பூவேலை செய்தார்கள், பின்னினார்கள். தோட்டத்து மருத்துவமனையில் இருந்த மிசி (தாதி) ஒருவர்தான் எங்கள் வரிசையில் இருந்த பெண்களுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். அம்மாவிடமிருந்து அது எனக்கு வந்தது. அதே திண்ணையின் மறுமுனையில் அப்பா சிலாங்கூர் ஆற்றுக்குக் கொண்டுபோவதற்காக வீச்சு வலை முடிந்துகொண்டிருப்பார். கண்ணிகளை எண்ணி, ஒரே அளவில் இழுத்து, வட்டம் விரிய விரியக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டு போகும் அந்த வேலையைப் பெண்கள் வேலை என்று யாரும் சொன்னதில்லை. இன்று ஆண்பிள்ளைகள் ஊசியைத் தொடக் கூச்சப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு அப்பாவின் கைகள்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் பகுதியில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிவிட்டது. இந்த நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலில் செம்பனை நடப்பட்டதே எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான்; அது 1917ஆம் ஆண்டு. லயங்களும் குறைந்து, மக்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். வேலை நேரங்கள் மாறின; வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால், தகரக் கூரையும் ஒட்டிக் கட்டிய சுவர்களும் உள்ள சிறிய வீடுகளில் பிற்பகல் வெப்பம் முன்னைவிடக் கூடுதலாகவே தெரிகிறது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலைகளாகப் பிரித்து அறிவிப்பதை வாசகர்கள் அறிவார்கள். தொடர்ந்து மூன்று நாள்களாவது பகலின் உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. பெர்லிஸ் சுப்பிங்கில் 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி பதிவான 40.1 பாகைதான் நம் நாட்டின் உச்சம். இத்தகைய நாள்களில் நமக்குச் சொல்லப்படும் அறிவுரை என்ன? வெளியே அலையாதீர்கள், உடலை வருத்தும் வேலைகளைக் குறையுங்கள், நிழலில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதுதானே. பின்னல் என்பது நிழலில், உட்கார்ந்த இடத்தில், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. வெப்ப எச்சரிக்கை நாளில் ஒரு மூதாட்டியோ பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையோ செய்யத்தக்க வேலைகளில் இதைவிடப் பொருத்தமானது எது என்று யோசித்துப் பார்க்கிறேன்; கிடைக்கவில்லை. ராஜா மூசா வனப்பகுதியின் கரிமண் நிலம் வறட்சியில் தீப்பிடித்துப் புகைமூட்டம் ஊருக்குள் இறங்கும் நாள்களிலும், சன்னல்களை அடைத்துவிட்டு வீட்டுக்குள் பிள்ளைகளை வைத்திருக்க வேண்டிய தாய்மார்களுக்கு இது பெரிய துணை.

மண்டபம் வேறு, வீடு வேறு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நண்பகலில் மண்டபத்துக்கு நடந்து வருவது வயதானவர்களுக்கு ஆபத்து. அந்த நேரம் மாற வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்தே இல்லை. மருமகள் என்னிடம், "அத்தை, பன்னிரண்டு மணிக்கு மேல் வாசற்படி தாண்டாதீர்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் பாலர்பள்ளிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் சொல்வது நியாயம்; நானும் தாண்டுவதில்லை.

நூலைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெயில் காலப் பின்னலில் பாதிச் சிக்கல் நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது அக்ரிலிக் நூல். நிறம் நிறமாக இருக்கும், துவைத்தால் சுருங்காது. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, பின்னும்போதே விரல்களுக்கிடையில் கசகசக்கும், உடுத்தினால் புழுங்கும். ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஈரமென்று தோன்றாமலே வாங்கிக்கொள்ளக்கூடியது; நல்ல பொருள்தான், ஆனால் வெப்பத்தைத் தேக்கும், விலையும் கூடுதல். பருத்தியோ வியர்வையை உறிஞ்சும், உடம்புச் சூட்டை வெளியே விடும். நனைந்தால் அதன் இழை இன்னும் வலுவாகும். கம்பளி நனைந்தால் வலுக்குறையும். நாள்தோறும் துவைக்க வேண்டிய பொருள்களைப் பருத்தியில் செய்வது இதனால்தான். மில்க் காட்டன் என்ற பெயரில் விற்கப்படும் நூல்கள் பல பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தவை. ஆகவே உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் எத்தனை விழுக்காடு பருத்தி என்று பார்த்து வாங்குங்கள். குறிப்பாக அடுப்படிக்கு வேண்டிய பிடிதுணி, சட்டி வைக்கும் விரிப்பு போன்றவற்றை அக்ரிலிக்கில் செய்யவே கூடாது. சூடு பட்டால் அது உருகிக் கையில் ஒட்டும்.

பருத்திக்கும் குறை உண்டு. அது கம்பளியைப் போல் இழுபட்டு மீளாது. அதனால் விரல்களுக்கு உழைப்பு அதிகம், பின்னிய சட்டை நாளாக நாளாகக் கீழ்நோக்கித் தொங்கும். ஒரு அளவு சிறிய ஊசியில் சற்று இறுக்கமாகப் பின்னினால் தொங்குவது குறையும். அரை மணிக்கொரு முறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யட்டும். வியர்க்கும் கையில் உலோக ஊசி பிசுபிசுத்து நூலைப் பிடித்திழுக்கும். மூங்கில் ஊசி வியர்வையைச் சற்று வாங்கிக்கொண்டு நூலைச் சீராக ஓடவிடும்; வெயில் காலத்துக்கு மூங்கிலே நல்லது.

இனி, யாருக்கு எதைப் பின்னுவது என்ற கேள்விக்கு வருகிறேன். முகம் துடைக்கும் துணி, பாத்திரம் துலக்கும் துணி, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக்குக் கொண்டுபோகும் வலைப்பை, தண்ணீர்ப் புட்டிக்கு உறை, பிள்ளைகளுக்குக் கையில்லாத மெல்லிய சட்டை என்று எங்கள் வகுப்பில் செய்யப்படும் எதுவும் குளிருக்கானதன்று. கிழிந்த கைலிகளையும் பழைய டி-சட்டைகளையும் விரலகலப் பட்டைகளாக வெட்டிப் பெரிய கொக்கி ஊசியால் பின்னினால் கால்மிதி கிடைக்கிறது. இதற்கு நூல் வாங்கும் செலவே இல்லை. காய்ந்த பீர்க்கங்காய் நாரைச் சுற்றிப் பருத்தி நூலால் ஓரம் பின்னிப் பிடி வைத்தால் நல்ல முதுகு தேய்ப்பான். பீர்க்கு எங்கள் வேலியிலேயே விளைகிறது.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சிளங் குழந்தைக்குப் பின்னிய தொப்பி கொடுப்பது நம்மிடையே பாசத்தின் அடையாளமாக ஆகிவிட்டது. மாதம் நிறையாமல் பிறந்து, குளிரூட்டப்பட்ட மருத்துவமனை வார்டில் இருக்கும் குழந்தைக்குத் தொப்பி தேவைப்படலாம். உடம்போடு ஒப்பிடும்போது குழந்தையின் தலை பெரியது, அதன் வழியாகச் சூடு வெளியேறிவிடும் என்பதால் தாதியர் கேட்டால் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, அதுவும் பிற்பகல் புழுக்கத்தில், உல்லன் தொப்பியும் காலுறையும் மாட்டித் தூங்க வைப்பது அதே காரணத்தாலேயே தவறு. தலை வழியாக வெளியேற வேண்டிய சூடு உள்ளேயே தங்கிவிடும். பெயர் சூட்டு விழாவுக்குப் போகும்போது தொப்பிக்குப் பதிலாக மெல்லிய பருத்திப் போர்வையோ வாய் துடைக்கும் துணியோ பின்னிக் கொடுங்கள் என்று வகுப்பில் நான் சொல்லி வருகிறேன்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இந்த வேலைக்கும் உள்ள உறவைச் சொல்லாவிட்டால் என் கடிதம் முழுமை பெறாது. என் கணவர் வீட்டைச் சுற்றியுள்ள சிறிய இடத்தில் பயற்றங்காய், வெண்டை, கத்தரி, பாகல், பீர்க்கு, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் வைத்திருக்கிறார். சூரியன் மேலே வருமுன் அவர் தண்ணீர் ஊற்றுவார். காய்ந்த இலைகளையும் புல்லையும் செடியடியில் பரப்பி மண்ணின் ஈரத்தை மூடுவார். முன்பெல்லாம் கொடிகளைப் பந்தலில் கட்ட ராபியா கயிற்றைத்தான் பயன்படுத்தினார். அந்த நெகிழிக் கயிறு மக்காது. தண்டு பருக்கும்போது உள்ளே அறுத்து இறங்கிவிடும். இப்போது என் கூடையில் மிஞ்சும் பருத்தி நூல் துண்டுகள் முழுவதும் அவரிடம் போகின்றன. பேரன் அவற்றை எடுத்துக்கொண்டு பயற்றங்கொடியின் அருகே குந்தி உட்கார்ந்து, கம்பை ஒரு சுற்று, தண்டை ஒரு சுற்று என எட்டு வடிவில் தளர்வாக வளைத்து, முடிச்சைக் கம்பின் பக்கமாகப் போடுவான். தண்டுக்கும் கம்புக்கும் நடுவில் நூல் குறுக்காகப் போவதால் காற்றில் ஆடினாலும் தண்டு உரசாது. காய்த்து முடிந்து கொடியை இழுத்துப் போடும்போது நூலைத் தனியே பிரிக்கத் தேவையில்லை. அதுவும் சேர்ந்து மக்கிப் போகும். அக்ரிலிக் துண்டு ஒன்று கூடக் கலந்துவிடக் கூடாது என்பதில் தாத்தாவும் பேரனும் கண்டிப்பாக இருக்கிறார்கள். தொங்கும் பூசணிக்கும் கனத்த பீர்க்குக்கும் நான் கொக்கி ஊசியால் வலைப்பை பின்னிப் பந்தலோடு கட்டிவிடுவதுண்டு. காம்பு முறியாமல் காய் முற்றும். புதிய பருத்தி நூலால் செய்த பொருளை முதல்முறை அலசும் தண்ணீரையும், அதில் சலவைத்தூள் போடாதபோது, வெண்டைக்கு ஊற்றிவிடுகிறோம். தண்ணீர் விநியோகம் தடைபடும் நாள்களை அனுபவித்த சிலாங்கூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வளர்ப்புப் பிராணிகள் உள்ள வீடுகளுக்கு நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பூனை நூலுருண்டையோடு விளையாடுவதைப் படத்தில் பார்த்து எல்லோரும் ரசிக்கிறோம். உண்மையில் பூனைக்கு நூல் மிகவும் ஆபத்தானது. பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் சொரசொரப்பு தெரியும். அங்கே இருக்கும் சிறு முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. ஆகவே வாய்க்குள் போன நூலைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அந்த நூலின் மேலேயே மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் குவியும். நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். வாந்தி, உணவைத் தொடாமை, சோர்ந்துபோய் மூலையில் ஒளிந்துகொள்வது ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வாயிலோ பின்புறத்திலோ நூலின் முனை தெரிந்தால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் உள்ளே அறுபடும்.

எங்கள் வீட்டுப் பூனை நான் பின்னும்போது நாற்காலிக்கடியில் முன்கால்களை மடித்துப் படுத்துக்கொள்ளும். கண் பாதி மூடியிருந்தாலும், தரையில் நகரும் நூலின் பக்கமே அதன் காது திரும்பியிருக்கும். அதனால் உருண்டை வெளியே கிடப்பதே இல்லை. பழைய சதுர பிஸ்கட் டின்னின் மூடியில் ஒரு துளையிட்டு, ஓரத்தைத் தட்டி மழுக்கி, நூல் மட்டும் அதன் வழியாக வரும்படி வைத்திருக்கிறேன். வேலை முடிந்தால் ஊசி, நூல், வெட்டிய துண்டு எல்லாம் டின்னுக்குள் போய் மூடி அழுத்தப்படும். வகுப்புக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் கற்க வேண்டிய பாடமாக இதை நான் கருதுகிறேன். பூனைக்கு விளையாட எதையாவது கொடுக்க வேண்டுமென்றால், பழைய துணியை உள்ளே திணித்து, முனை வெளியே தெரியாமல் இறுகப் பின்னிய பந்து கொடுக்கலாம். அதுவும் நூல் பிரியத் தொடங்கியதும் தூக்கி எறியப்பட வேண்டும். நாயிடம் இந்தத் தொல்லை குறைவு. வெயிலில் காய்ந்த தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுடும் என்பதால் பேத்தி அதைப் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே அழைத்துப் போகிறாள்.

பின்னியதைப் பாதுகாத்து வைப்பதிலும் கவனம் தேவை. நம் நாட்டில் பூச்சியைவிடப் பூஞ்சணமே பெரிய பகை. முழுக்கக் காயாத துணியை நெகிழிப் பையில் கட்டி வைத்தால் கரும்புள்ளி விழுந்துவிடும். சிலர் அலமாரியில் பாச்சை உருண்டை போடுகிறார்கள். நாப்தலீன் கலந்த அந்த உருண்டை ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலைக்குக் காரணமாகலாம். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்யப்படுவதும், குறைபாடு இருந்தால் பெற்றோரிடம் இந்த உருண்டையைத் தவிர்க்கச் சொல்வதும் பலருக்குத் தெரியும். ஆனால் பாட்டியின் அலமாரியிலிருந்து அன்பளிப்பாக வரும் சட்டையில் அதன் வாடை ஏறியிருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பூனைக்கும் நாய்க்கும் கூட அது நஞ்சு. வெயில் காலம் இதற்கு நல்ல தீர்வைத் தருகிறது: துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். ஆண்டில் இந்தச் சில வாரங்கள்தான் எங்கள் பகுதியில் எல்லாவற்றையும் முறுமுறுவெனக் காய வைக்க முடிகிற வாரங்கள்.

குடும்பத்தில் இது என்ன செய்கிறது என்பதையும் சொல்கிறேன். மகன் செம்பனை ஆலையில் முறைமாற்று வேலை செய்கிறார். பகலில் தூங்க வேண்டிய வாரங்களில் வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது. விடுமுறையில் வீட்டிலிருக்கும் இரண்டு பிள்ளைகளைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாமல் பிற்பகல் முழுவதும் அமைதியாக வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததே. ஊசி பிடித்த பிள்ளை அமைதியாக இருக்கிறது. வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தயங்கும் பேரன், நான்கு கண்ணிக்கு ஒரு முறை நிறம் மாற வேண்டுமென்றால் நாற்பது கண்ணியில் எத்தனை முறை என்று தானாகவே கணக்கிடுகிறான். பேத்தி பின்னியதில் ஒரு கண்ணி நழுவிப் பத்து வரிசை கீழே ஓடியபோது, கொக்கி ஊசியால் அதை ஏணிப்படி ஏறுவது போல் ஒவ்வொரு வரிசையாக மேலே கொண்டு வர அவளுக்குக் காட்டினேன். மேலே வந்து சேர்ந்ததும் அவள் அதைத் தடவிப் பார்த்து, "எங்கே விட்டதென்றே தெரியவில்லை பாட்டி" என்றாள். இந்தப் பொறுமையைப் பிள்ளைகளுக்கு வேறெப்படிக் கொடுப்பதென்று எனக்குத் தெரியாது. விடுமுறையில்தான் இதற்கு நேரம் கிடைக்கிறது. அந்த விடுமுறையில் வெயிலைக் காட்டி மண்டபத்தைப் பூட்டிவிட்டால், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்?

ஆகவே எங்கள் ஊர்ப் பொறுப்பாளர்களிடமும், இதே போன்ற வகுப்புகள் நடக்கும் பிற தோட்டப்புற ஊர்களின் பொறுப்பாளர்களிடமும் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். வெப்பக் காலத்தில் வகுப்பைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குத் திறந்து விடுங்கள். மண்டபத்தில் விசிறியும் குடிநீரும் இருந்தால் போதும். புதிதாக எந்தச் செலவும் வேண்டாம். வானிலை ஆய்வுத் துறை இரண்டாம் நிலையை அறிவிக்கும் நாள்களில் மட்டும் கூடாமல், அவரவர் வீட்டில் பின்னிக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கையில் இதற்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் யோசிக்க வேண்டும். ஒதுக்கினால் ஆண்பிள்ளைகளையும் சேர்த்தே ஒதுக்குங்கள். சொல்லிக் கொடுக்க எங்களைப் போன்றவர்கள் ஊதியம் கேட்காமல் வருவோம்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பின்னல் வடிவக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் கிடைக்கின்றன. மூத்த பெண்கள் பலருக்கு அவற்றின் சுருக்கெழுத்துகள் புரிவதில்லை. உங்கள் ஞாயிறு பதிப்பின் மகளிர் பக்கத்தில் மாதம் ஒரு குறிப்பையாவது தமிழில் வெளியிட்டால் பலரும் வெட்டி வைத்துக்கொள்வார்கள். முதல் குறிப்பை நானே இங்கு எழுதி அனுப்புகிறேன். 8-பிளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூலில் 50 கிராம் உருண்டை ஒன்றும், 4 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி ஒரு இணையும் எடுத்துக்கொள்ளுங்கள். 40 கண்ணிகளை ஏற்றி, எல்லா வரிசைகளையும் 'நிட்' எனப்படும் நேர்க்கண்ணியாகவே பின்னிக்கொண்டு போங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். 40 மேடுகள் வந்ததும், அதாவது 80 வரிசைகள் ஆனதும், துணி சதுரமாக இருக்கும். கண்ணிகளைத் தளர்வாக மூடி, நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, அந்த முனையைத் துணிக்குள்ளேயே கோத்து மறைத்துவிடுங்கள். முகம் துடைக்கவும் குழந்தையின் வாய் துடைக்கவும் ஏற்ற துணி இது. நிறத்துணிகளோடு சேர்க்காமல் முதல்முறை தனியாகத் துவையுங்கள்.

இப்படிக்கு,
பின்னல் வகுப்பு வாசகி ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.